'கூப்பிடுங்கள்' என்று ஒட்டியவர்

ஐஸ்கிரீம் கம்பெனியின் குளிர்பெட்டி வேனை ஓட்டுகிறவருக்குக் கடைத்தெருவில் பெயர் கிடையாது. எல்லாக் கடைக்காரர்களுக்கும் அவர் "ஐஸ்"தான். "ஐஸ் வந்தாச்சு, ஃப்ரீசரைத் திற." "ஐஸ், நேத்து வச்ச கப்பெல்லாம் நசுங்கிப்போச்சு, திருப்பி எடுத்துக்கோ." பெட்டியை இறக்குவார், உள்ளே அடுக்குவார், கையெழுத்து வாங்குவார், கிளம்புவார். கடைக்கு வரும் குழந்தைகள்கூட அவர் கையிலிருக்கும் பெட்டியைப் பார்த்துத்தான் சிரிக்கும், முகத்தைப் பார்த்து அல்ல. மாலையில் வீடு திரும்பினால், கையுறைக்குள்ளும் விறைத்துப்போன விரல்களைச் சூடான டம்ளரைச் சுற்றி வைத்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்துவிடுவார்.

"ஊருக்கெல்லாம் ஐஸ் வைக்கிற மனுஷனுக்கு, கட்டின பொண்டாட்டிக்கு வைக்க மட்டும் தெரியலையே" என்று மனைவி கேலி செய்வாள்.

அவர் சிரித்துக்கொள்வார். ஆனால் மனதில் ஒரு குறை இருந்தது. பெட்டி வேண்டும், பில் வேண்டும் என்று இல்லாமல், தன்னோடு பேசுவதற்காகவே யாராவது ஒருவர் தன்னைக் கூப்பிட வேண்டும். இது பெரிய ஆசையா என்று கேட்டால், பெரிய ஆசைதான்.

அந்த ஆசைக்கு வழி காட்டியது ஒரு ஸ்டிக்கர். ஒருநாள் பாலத்தின் மேல் வண்டிகள் நகராமல் நின்றபோது, முன்னால் நின்ற காரின் பின்கண்ணாடியில் சில எழுத்துகளும் ஓர் எண்ணும் ஒட்டியிருப்பதைப் பார்த்தார். வண்டி எண் அல்ல, போன் எண்ணும் அல்ல. இறங்கிப்போய்க் கண்ணாடியைத் தட்டிக் கேட்டார். உள்ளே இருந்தவர் ஒரு பல் டாக்டர். கேட்டதுதான் தாமதம், மடை திறந்த மாதிரி ஆரம்பித்துவிட்டார்.

"இது ஹாம் ரேடியோங்க. பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கணும். இந்த எழுத்து எனக்குக் கொடுத்த கால்சைன், உலகத்துல வேற யாருக்கும் இது கிடையாது. இந்த நம்பர், நான் ரேடியோவைத் திறந்து வச்சிருக்கிற அலைவரிசை. பின்னாடி வர்றவங்ககிட்ட ரேடியோ இருந்தா, இதைப் பார்த்துட்டு என்னைக் கூப்பிடலாம்."

"கூப்பிட்டு என்ன பேசுவாங்க?"

"என்னமும் பேசலாம். எங்க போறீங்க, சத்தம் எப்படிக் கேக்குது... என்ன பேசுறாங்கங்கிறது முக்கியமில்ல. கூப்பிடுறாங்க பாருங்க, அதுதான்."

பின்னால் ஹாரன்கள் அலறின. ஓடிவந்து வேனை எடுத்தார். ஆனால் 'உலகத்தில் வேறு யாருக்கும் கிடையாது' என்ற சொல் பசுமரத்தாணியாகப் பதிந்துவிட்டது. ஐஸ் என்று யாரை வேண்டுமானாலும் கூப்பிடலாம். இது அப்படி இல்லை.

பரீட்சையில் முதல் தடவை தோற்றார், அடுத்த தடவை தேறினார். கால்சைன் வந்தது. பழைய ரேடியோ ஒன்றை வாங்கி ஸ்டியரிங்குக்குக் கீழே பொருத்தினார். வேனின் கூரையில் ஏரியலை நிறுத்தினார். நம்பர் பிளேட் கடையில் ஸ்டிக்கர் வெட்டச் சொல்லிப் பின்கதவில் ஒட்டினார். மேலே கால்சைன், நடுவில் அலைவரிசை எண், கீழே 'கூப்பிடுங்கள்' என்று ஒரு சொல். அந்தச் சொல் அவராகச் சேர்த்தது.

ஆரம்பத்திலேயே ஒரு தொல்லை. குளிர்பெட்டியின் இயந்திரம் ஓடத் தொடங்கினால் ரேடியோவில் 'கர்ர்' என்று ஓயாத இரைச்சல். நாள் முழுக்கக் காதுக்குள் ரம்பம் அறுப்பது போல இருந்தது. ரேடியோவோடு வந்த சிறு புத்தகத்தைப் புரட்டி ஒரு பொத்தானை அழுத்தினார். இரைச்சல் சட்டென்று நின்றது. ஞாயிறு காலைகளில் ஊரிலுள்ள ஹாம் கிளப்காரர்கள் எல்லோரும் குன்றின் மேலுள்ள தங்கள் பொது நிலையம் வழியாகப் பேசிக்கொள்வார்கள். அது மணிமணியாகக் கேட்டது; அத்தனை பேர் நடுவில் பேசக் கூச்சப்பட்டு அவர் கேட்பதோடு சரி. ரேடியோ நன்றாகத்தான் இருக்கிறது என்று நினைத்து அந்தப் பொத்தானை மறந்தே போனார்.

பிறகு காத்திருந்தார். ஏரியல் வைத்த கார் பின்னால் வந்தால் வேகத்தைக் குறைப்பார். மைக்கைக் கைக்கு எட்டும்படி நகர்த்தி வைப்பார். கார் கொஞ்ச தூரம் பின்னாலேயே வரும், அப்புறம் முந்திப் போய்விடும். முந்தும்போது சிலர் அவரைத் திரும்பிப் பார்ப்பார்கள். அந்தப் பார்வை நல்லதாக இல்லை. ஒன்றிரண்டு தடவை அவராகவே கூப்பிட்டும் பார்த்தார். ஒரு பதிலும் வரவில்லை. ஐஸ் வண்டிக்காரனோடு இவர்களுக்கு என்ன பேச்சு என்று நினைக்கிறார்கள் போலும் என்று தனக்குத்தானே பதில் சொல்லிக்கொண்டார்.

இதுவரை கூட அவர் தாங்கிக்கொண்டார். தாங்க முடியாமல் போனது மச்சினன் பரீட்சை எழுதிய பிறகுதான்.

மனைவியின் தம்பி அவர்கள் வீட்டு மாடியறையில் இருந்தான். கார் ஓட்டக் கற்றுத்தரும் பள்ளியில் வேலை. மாமாவின் வேனில் ரேடியோவைப் பார்த்துத் தானும் பரீட்சை எழுதினான், முதல் தடவையே தேறினான். 'பழகுநர்' என்று சிவப்பில் எழுதிய பள்ளிக் காரின் பின்கண்ணாடி மூலையில், உள்ளங்கை அளவுக்கு ஒரு ஸ்டிக்கர் ஒட்டினான். அதே அலைவரிசை எண். அன்று சாப்பிட உட்காரும்போதே முகம் பளிச்சென்று இருந்தது.

"அக்கா, இன்னைக்கு ரெண்டு பேருகூடப் பேசினேன்! ஒருத்தர் கிரேன் ஓட்டுறவரு. மார்க்கெட் பக்கம் பெரிய கட்டடம் கட்டுறாங்கல்ல, அங்க உச்சியில உக்காந்துக்கிட்டுப் பேசுறாரு. ஊரே தெரியுமாம் அவருக்கு."

"என் தம்பிக்கு வாய் இருக்குடா. எங்க போனாலும் பொழைச்சுக்குவே."

அவர் தட்டைப் பார்த்தபடியே சொன்னார்: "வாய் இல்ல, வண்டி. இவன் கார் ஆமை மாதிரி ஊருது. பின்னாடி மாட்டிக்கிட்டவன் ஸ்டிக்கரைப் படிக்காம வேற என்ன செய்வான்?"

"அப்ப நீங்களும் ஊருங்களேன், யாரு வேணாம்னா?"

மறுநாள் அவர் ஊர்ந்தார். பொய்யில்லை, உண்மையாகவே ஊர்ந்தார். பின்னால் வந்தவர்கள் ஸ்டிக்கரைப் படித்தார்களோ இல்லையோ, அவர் பரம்பரையையே இழுத்துத் திட்டிவிட்டுப் போனார்கள். கடைசிக் கடைக்குப் போனபோது கடைக்காரர் பெட்டியை ஆட்டிப் பார்த்து, "என்ன ஐஸ், இன்னைக்கு டம்ளர்ல ஊத்திக் குடுக்கணுமா?" என்று கேட்டார்.

மச்சினனுக்குப் பேச்சு நாளுக்கு நாள் பெருகியது. இந்தப் பொழுதுபோக்கில் ஒரு வழக்கம் உண்டு. பேசியதற்கு அடையாளமாக, கால்சைன் அச்சிட்ட அட்டையைத் தபாலில் அனுப்புவார்கள். மச்சினனுக்கு வந்த அட்டைகளை அக்கா ஆசையாகப் பிரிஜ் கதவில் ஒட்டினாள். நாள் முழுக்க ஃப்ரீசர் கதவைத் திறந்து மூடிவிட்டு வீட்டுக்கு வந்தால், அங்கேயும் ஒரு குளிர்க்கதவு, அதில் மச்சினனின் வெற்றி வரிசை. தண்ணீர் எடுக்கப் போகும்போதெல்லாம் அவருக்கு வயிறு எரிந்தது. கொஞ்ச நாளில் சொம்புத் தண்ணீரே போதும், பிரிஜ் தண்ணீர் தொண்டைக்கு ஆகவில்லை என்று சொல்லிவிட்டார்.

நம்பர் பிளேட் கடைக்கு மறுபடி போனார். இருந்ததைவிட இரண்டு மடங்கு பெரிதாக, இருட்டிலும் மின்னும் தாளில் வெட்டச் சொன்னார். அப்போதும் யாரும் கூப்பிடவில்லை. மூன்றாம் முறையாகப் போய்க் கதவின் முழு அகலத்தையும் கைகளால் விரித்துக் காட்டியபோது கடைக்காரர் கத்தியைக் கீழே வைத்துவிட்டார்.

"என்ன சார், எலக்‌ஷன்ல நிக்கிறீங்களா?"

"பேசாம வெட்டுய்யா."

இதற்குள் கிளப் கூட்டம் வந்தது. பல் டாக்டரின் கிளினிக் மாடியில் பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போட்டு எல்லோரும் டீயோடு உட்கார்ந்திருந்தார்கள். மச்சினனைச் சுற்றி ஈ மொய்க்கிற மாதிரி கூட்டம். அவர் சுவரோரமாக நின்றார். கறுத்து மெலிந்த ஒருவர் அவரை மேலும் கீழும் பார்த்து, "நீங்கதானா அந்த ஐஸ் வேன்?" என்றார். கிரேன் ஓட்டுகிறவர் அவர்தான்.

"ஆமா."

"ம். சில பேரு ஸ்டிக்கரை மட்டும் பெருசா ஒட்டிடுறாங்க." இதைப் பக்கத்திலிருந்தவரைப் பார்த்துச் சொன்னார். பக்கத்திலிருந்தவர் சிரித்தார்.

'ஏன் அப்படிச் சொல்கிறீர்கள்?' என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் எல்லாம் அங்கேயே தீர்ந்திருக்கும். ஆனால் பொறாமை பிடித்தவனுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். கேட்டால், தான் காத்துக்கிடப்பது மச்சினனுக்குத் தெரிந்துவிடும் என்று நினைத்தார். டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் படியிறங்கினார்.

அந்த வாரமே முதலாளியம்மா அவரைக் கூப்பிட்டனுப்பினார். ஏஜென்சி அவருடையது, வேனும் அவருடையது. வேனைச் சுற்றிவந்து பின்கதவின் முன் இடுப்பில் கை வைத்து நின்றார்.

"இதென்னங்க இது? இங்க என் கோன் ஐஸ் படம் இருந்துச்சே, எங்க?"

"அடியில இருக்கும்மா."

"அடியிலயா! வர்ற சனிக்கிழமை வேனை பெயின்ட் கடையில விடுறோம். கம்பெனியில புதுப் படம் குடுத்திருக்காங்க, நாலு பக்கமும் வரணும். இந்த வால்போஸ்டரெல்லாம் இருக்கக் கூடாது, சொல்லிட்டேன்."

மறுத்துப் பேச என்ன இருக்கிறது? சனிக்கிழமைக்குள் ஒரே ஒருவர், ஒரே ஒரு தடவை கூப்பிட்டால் போதும், அப்புறம் கதவு போனால் போகட்டும் என்று நினைத்தார். வெள்ளிக்கிழமை வரை போகத் தேவையில்லாத தெருக்களிலெல்லாம் வேனை ஓட்டினார். கிரேன் நிற்கிற கட்டடத்தை வெட்கத்தை விட்டுச் சுற்றிவந்தார். ரேடியோ கல்லுப்பிள்ளையார் மாதிரி கம்மென்று இருந்தது.

சனிக்கிழமை காலி வேனைக் கொண்டுபோய், அந்தக் கட்டடத்துக்கு எதிர்த்தெருவிலிருந்த பெயின்ட் கடையில் நிறுத்தினார். பெயின்டர் சுரண்டும் தகட்டைத் தீட்டிக்கொண்டிருந்தார். அவரை வீட்டுக்கு அழைத்துப்போக மச்சினன் பள்ளிக் காரோடு வந்தான். ஓட்டியது ஓட்டக் கற்றுக்கொள்ளும் பியூட்டி பார்லர் அக்கா. வாடிக்கையாளர் தலையைப் பிடித்துக்கொண்டு ஓயாமல் பேசிப் பழகியவர், ஸ்டியரிங்கைப் பிடித்தாலும் வாய் நிற்காது. மச்சினன் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்தான். அவர் பின்சீட்டில் ஏறினார்.

கார் இரண்டு கடைகளைக்கூடத் தாண்டியிருக்காது. முன்னாலிருந்த ரேடியோவில் ஒரு குரல் வந்தது. முதலில் ஒரு கால்சைன். அடுத்து இன்னொன்று.

அவர் முன்சீட்டைப் பிடித்து எட்டிப் பார்த்தார். இரண்டாவதாகச் சொன்னது அவருடையது. உலகத்தில் வேறு யாருக்கும் கிடையாதது.

"ஐஸ் வேன், ஐஸ் வேன். பெயின்ட் கடை வாசல்ல நிக்கிறீங்க, மேல இருந்து நல்லாத் தெரியுது. இன்னைக்காவது பேசுவீங்களா?"

மச்சினனின் கை மெல்ல நீண்டு ஒலியைக் குறைத்தது.

பார்லர் அக்கா கண்ணைச் சாலையிலேயே வைத்துக்கொண்டு சிரித்தார். "பாருங்க சார், இது தினமும் நடக்கிற கூத்து. யாரோ ஒரு ஐஸ் வேனாம். ஆளாளுக்கு அவரைத்தான் கூப்பிடுவாங்க. அந்த மனுஷன் ஒரு நாளும் வாயைத் திறக்க மாட்டாரு. அப்புறம் நம்ம தம்பி மைக்கை எடுத்து, அவரு பேசமாட்டாருங்க, நான் இருக்கேன், என்கிட்ட சொல்லுங்கன்னு சொல்வாரு. தம்பி மட்டும் இல்லேன்னா பாவம் அவங்கல்லாம் காத்துகூடத்தான் பேசணும்."



"மாப்ள" என்றார் அவர்.

மச்சினன் திரும்பவில்லை. "முதல் நாள் நீங்க லோடு இறக்கிட்டு இருக்கீங்க போலன்னு நினைச்சுத்தான் மாமா பதில் சொன்னேன். நீங்க வேணும்னே பேசாம இருக்கீங்கன்னு அப்புறம் நினைச்சேன். கேட்டிருக்கணும். கேக்கல."

"ஏன் கேக்கல?"

"என் ஸ்டிக்கரை ஒருத்தனும் படிக்கல மாமா. இது வரைக்கும் ஒருத்தன்கூட. எல்லாரும் உங்க கதவைப் பார்த்துட்டுத்தான் கூப்பிட்டாங்க. உங்களைக் கேட்டுட்டா, எனக்குப் பேச யாரு இருப்பா?"

பார்லர் அக்காவுக்கு அப்போதுதான் விஷயம் பிடிபட்டது. "ஐயோ, அந்த ஐஸ் வேன் நீங்கதானா சார்?"

"வண்டியைத் திருப்புங்கம்மா."

"திருப்பவா? இன்னும் நேராப் போறதுதானே சார் சொல்லிக் குடுத்திருக்காங்க!"

கதவைத் திறந்துகொண்டு இறங்கினார். ஓடினார். பெட்டி தூக்கித் தூக்கி உரமேறிய கால்கள், ஆனாலும் மூச்சு வாங்கியது. ஓடும்போதே நினைவுக்கு வந்துவிட்டது. அந்தப் பொத்தான்!

ரேடியோவில் ஒரு வசதி உண்டு. காதுக்கு எட்டாத மெல்லிய ரீங்காரம் ஒன்று, டோன் என்பார்கள், குரலோடு சேர்ந்து வந்தால் மட்டும் ஸ்பீக்கர் திறக்கும், இல்லாவிட்டால் பூட்டியே கிடக்கும். கிளப்பின் குன்று நிலையம் அந்த ரீங்காரத்தைச் சேர்த்து அனுப்பும், அதனால் ஞாயிற்றுக்கிழமை எல்லாம் கேட்டது. சாலையில் நேராகக் கூப்பிடுகிறவர்கள் அதைச் சேர்ப்பதில்லை. இரைச்சலை அடைக்கிறேன் என்று அவர் ஊரையே அடைத்துவிட்டார். 'கூப்பிடுங்கள்' என்று முதுகில் எழுதி ஒட்டிக்கொண்டு, காதில் பஞ்சை வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறார். இத்தனைக்கும் இது பரீட்சையில் வந்த கேள்விதான். பதிலும் சரியாகத்தான் எழுதியிருந்தார்.

பெயின்டர் கதவின் மேல் பாதியைச் சுரண்டி முடித்திருந்தார். கால்சைன் போய்விட்டது. எண்ணும் 'கூப்பிடுங்கள்' என்ற சொல்லும் மட்டும் மிச்சம்.

"கொஞ்சம் நிறுத்துங்கண்ணே!"

வேனுக்குள் ஏறி, ரேடியோவைப் போட்டு, பொத்தானை அழுத்தினார். ரேடியோவின் மூலையில் இத்தனை நாள் எரிந்த சின்னப் புள்ளி அணைந்தது. குளிர்பெட்டி ஓடாததால் இரைச்சலும் இல்லை. மைக்கை எடுத்துத் தன் கால்சைனைச் சொன்னார். 

"ஐஸ் வேன் பேசுறேன்."

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு, "யாரு?"

"ஐஸ் வேன்."

"யோவ்! உனக்குப் பேச்சு வருமா?" கிரேன்காரரின் குரல் உச்சியிலிருந்து இடி மாதிரி இறங்கியது. "எத்தனை நாளாத் தொண்டை கிழியக் கூப்பிடுறோம்! நீங்களே கூப்பிடுறீங்க, பதில் சொன்னா அதுக்கும் பேச்சைக் காணோம். பெரிய இடம் போல, நம்மள மாதிரி ஆளுங்ககிட்ட பேசமாட்டாருன்னு நினைச்சுட்டோம் சார்."

"டோன் பூட்டி வச்சிருந்தேன். தெரியல."

 மேலிருந்து சிரிப்பு வெடித்தது. ஸ்பீக்கர் அதிர்ந்தது. பெயின்டர்கூட எட்டிப் பார்த்தார்.

சிரித்து முடிக்கட்டும் என்று காத்திருந்துவிட்டு அவர் கேட்டார்: "சரி, இப்ப எதுக்குக் கூப்பிட்டீங்க? எதுவும் வேணுமா?"

"வேணுமா? ஒண்ணும் வேணாம் சார். கீழ உங்க வண்டி நின்னுச்சு. சும்மா கூப்பிட்டேன்."

அவர் பதில் சொல்ல மைக்கை அழுத்தினார்.  விரலை எடுத்துவிட்டு, மறுபடி அழுத்தி, "இங்க சத்தம் நல்லா கேக்குது" என்று மட்டும் சொன்னார்.

அப்போது இடையில் இன்னொரு குரல் நுழைந்தது. "அண்ணே, நான்தான் பழகுநர் கார், நானும் பக்கத்துலதான் இருக்கேன்..."

"மாப்ள" என்றார் அவர். "இது எனக்கு வந்த கால். வரிசையில நில்லு."

புதுப் படம் வந்த பிறகு, கதவு என்னுடையது, பம்பர் உங்களுடையது என்று முதலாளியம்மா இறங்கிவந்தார். பம்பரில் ஒட்டியது சின்னதுதான். ஆனாலும் ஐஸ் வேன் பேசுகிறது என்ற செய்தி பரவிவிட்டது. ஒரு நாளைக்கு ஒருவராவது கூப்பிடுகிறார்கள். பொத்தானை அவர் திரும்பத் தொடவில்லை. குளிர்பெட்டி ஓடும்போதெல்லாம் அந்த 'கர்ர்' இரைச்சலும் கூடவே வருகிறது. ஒரு குரலைத் தவறவிடுவதைவிட ரம்பத்தைப் பொறுத்துக்கொள்வது மேல் என்கிறார். பிரிஜ் தண்ணீரும் மறுபடி தொண்டைக்கு ஒத்துக்கொள்கிறது. அதன் கதவில் அவருக்கு வந்த முதல் அட்டையை மச்சினனின் அட்டைகளுக்கெல்லாம் மேலே அவரே ஒட்டினார்.  மச்சினன் பார்த்துவிட்டுச் சாப்பிடாமல் மாடிக்குப் போனான்.

அடுத்த வாரம் வண்டி எண் பலகையில் பெயர்ந்துபோன ஓர் எழுத்தைச் சரிசெய்ய நம்பர் பிளேட் கடைக்குப் போனார். கடைக்காரர் அவரைக் கண்டதும் கும்பிட்டார்.

"ஏன் சார், உங்க குடும்பத்துல எல்லாருமே எலக்‌ஷன்ல நிக்கிறீங்களா? காலையில உங்க மச்சினன் வந்து கார் முழுக்க வர்ற மாதிரி ஸ்டிக்கர் கேட்டுட்டுப் போறாரு."

அவர் முகத்தில் சிரிப்பு வந்தது. வந்த வேகத்திலேயே போய்விட்டது.

"எவ்வளவு அகலம் சொன்னான்?" என்று கேட்டார்.